தேதியைப் பார்த்துக் கார் வாங்குகிறவர்கள்

சிங்கப்பூரில் பழைய கார் விற்கிற கடைக்குப் போய்ப் பாருங்கள். விற்பவர் முதலில் சொல்வது எஞ்சினைப் பற்றி இருக்காது. "சிஓஇ இன்னும் நாலு வருஷம் மூணு மாசம் இருக்கு சார்" என்பார். வாங்க வந்தவரும் அதைத்தான் கேட்டிருப்பார். அப்புறம் இருவரும் கைத்தொலைபேசியை எடுத்து, விலையை மீதமுள்ள மாதங்களால் வகுத்து, வருஷத்துக்கு இவ்வளவு தேய்மானம் என்று ஓர் எண்ணுக்கு வருவார்கள். பேரம் முடிந்துவிடும். கார் பாட்டுக்கு ஓரமாக நிற்கும்.

இந்தப் பழக்கத்தோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். குற்றவாளிப் பட்டியலில் என் பெயரும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் தேடியது மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, தூங்கி எழுந்த கண்போல் மேலே வரும் முன்விளக்குகள், 1,600 சிசி எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. பெரிய பணக்காரர்களுக்காகச் செய்த வண்டி இல்லை. 2016இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தொழிற்சாலையைவிட்டு வந்தது. இரண்டு இருக்கை விளையாட்டுக் கார்களில் உலகில் அதிகம் விற்றது இதுதான்.

தேக்காவில் தேநீர் குடிக்கும்போது நண்பர் கேட்டார்: "அம்பது வயசுல பொம்மை வண்டியா? அந்தக் காசுக்குப் புது வண்டி எடுத்தா பத்து வருஷம் தொந்தரவு இல்லையே." 'பத்து வருஷம் தொந்தரவு இல்லை' என்பதை நாம் ஏதோ மந்திரம் மாதிரி சொல்கிறோம். பதினோராவது வருஷம் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். 1990இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறைப்படி சான்றிதழின் ஆயுள் பத்து வருஷம். அதற்குமேல் வேண்டுமென்றால் கடந்த மூன்று மாத ஏலங்களின் சராசரி விலையைக் கட்டி இன்னொரு பத்து வருஷம் நீட்டிக்கலாம். பாதியைக் கட்டினால் ஐந்து வருஷம். ஆனால் ஐந்து வருஷ நீட்டிப்பு ஒரே முறைதான். முடிந்ததும் பதிவு ரத்து. பழைய விளையாட்டுக் கார் வாங்குகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது இது எந்த நீட்டிப்பு என்பதைத்தான். சான்றிதழை நீட்டித்தால் பத்து வருஷத்துக்குள் காரை ஒப்படைத்தவருக்குக் கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடியும் போய்விடும். அதன்மேல் பத்து வயது தாண்டிய வண்டிக்குச் சாலைவரி 10 விழுக்காடு கூடும், வருஷாவருஷம் ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும்.

சின்னத் தீவு, எல்லாரும் கார் வைத்துக்கொண்டால் தெரு தாங்காது என்பார்கள். சரிதான். கார் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. 2018 பிப்ரவரியிலிருந்து கார் எண்ணிக்கையின் வளர்ச்சி விகிதம் சுழியம். 2023 அக்டோபரில் பெரிய கார் சான்றிதழ் 150,001 வெள்ளியைத் தொட்டது. ஏலத்தில் நின்றால்தான் இடம் என்பது கசந்தாலும் நியாயமான கணக்கு.

ஆனால் யோசித்துப் பாருங்கள். வரம்பு எண்ணுவது கார்களின் எண்ணிக்கையை. முப்பது வயது காரும் ஓரிடம்தான் எடுக்கிறது, நேற்று கப்பலில் வந்திறங்கியதும் ஓரிடம்தான் எடுக்கிறது. நெரிசல் காரின் வயதைப் பார்த்தா வருகிறது? நன்றாக ஓடும் காரை அனுப்பிவிட்டு அதே இடத்தில் புதுக் காரை நிறுத்தினால் சாலையில் ஒரு கார்கூடக் குறையாது. போன கார் உடைக்கப்படும், அல்லது கப்பலேறி வேறொரு நாட்டில் இன்னும் பல வருஷம் ஓடும். அங்கே ஓடுகிற வண்டி இங்கே மட்டும் எப்படிக் கிழமாகிறது?

புகை, பாதுகாப்பு என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முந்தைய காரில் இன்றைய காற்றுப்பைகள் கிடையாது, புகையும் இன்றைய அளவுக்குச் சுத்தமில்லை. மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் பத்து வயது தாண்டிய காரை வருஷாவருஷம் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். பிரேக், புகை, விளக்கு எல்லாவற்றையும் கருவி வைத்துப் பார்த்துச் சீட்டு தருகிறார்கள். காரின் நிலையை அளக்கும் ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆனால் அந்தச் சீட்டை எத்தனை நன்றாக வாங்கினாலும் கூடுதல் சாலைவரியில் ஒரு வெள்ளி குறையாது.

ஜெர்மனியில் முப்பது வயதைத் தாண்டிய காருக்கு எண்பலகையில் 'எச்' என்ற எழுத்து கிடைக்கும். 1997இலிருந்து இருக்கும் வழக்கம். வயது மட்டும் போதாது. நிபுணர் ஒருவர் காரைப் பார்த்து, அசல் நிலையில் நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தால் வரி ஒரே நிலையான தொகை. பராமரித்தவனுக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது.

நம்மிடமும் கிளாசிக் திட்டம் உண்டு. 35 வயது ஆகியிருக்க வேண்டும். வருஷத்தில் 45 நாள் ஓட்டலாம், கூடக் கொஞ்ச நாளுக்குத் தனியாகக் காசு கட்டி உரிமம் வாங்கலாம். காரைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு என்கிறார்கள். மெக்கானிக்குகளிடம் கேளுங்கள், ஓடாமல் நிற்கிற கார் ஓடுகிற காரைவிட வேகமாகக் கெடும் என்பார்கள். பெட்ரோல் கெட்டுப் பிசினாகும், ரப்பர் சீல்கள் காயும், பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்து உள்ளேயே துருவை வளர்க்கும். நம் ஊர் ஈரக்காற்றில் மீதி 320 நாள் நிறுத்தி வைக்கச் சொல்வது, ஓட்டப்பந்தயக்காரரைப் படுக்கையில் கட்டிப் போடுவது மாதிரி.

2022 கடைசியில் நான் பார்த்த முதல் கார் ஒரு கடையில் நின்றது. சிவப்பு. கண்ணாடிபோல் மின்னியது. "மைலேஜ் ரொம்பக் கம்மி சார்" என்றார் விற்பவர். டயரின் பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கம் 2313. அதாவது 2013ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஒன்பது வருஷ டயர் தேயவே இல்லை என்றால் அந்தக் கார் எத்தனை காலம் நின்றிருக்கும்? கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. பெயின்ட்டுக்குக் கீழே தகடு இல்லை, பட்டிதான். இந்த வண்டியின் கூரைத் துணிக்குப் பின்னால் மழைநீர் வடிய இரு பக்கமும் வடிகால் உண்டு. அதில் குப்பை அடைத்தால் தண்ணீர் நேராகச் சில்லுக்குள் தேங்கி உள்ளிருந்து தின்னும். வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் போதும், பத்து நிமிஷ வேலை. அதை யாரும் செய்யவில்லை. பெயின்ட் மட்டும் அடித்திருக்கிறார்கள். விலை? மாதக் கணக்குப்படி 'நியாயமான' விலை.

இரண்டாவது கார் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கிலிருந்து எல்ஆர்டி பாதையைத் தாண்டினால் வரும் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம், மூன்றாம் தளம். பச்சைப் பெயின்ட் மங்கியிருந்தது, முன் பம்பரில் கீறல். சொந்தக்காரர் தெங்கா விமானப்படைத் தளத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். 1992இல் பதிவான கார். இரண்டு முறை பத்துப் பத்து வருஷம் நீட்டித்து வைத்திருந்தார்.

நான் வருவதற்குமுன் எஞ்சினைச் சூடாக்கி வைக்கவில்லை. "பானெட்ட தொட்டுப் பாருங்க தம்பி, சில்லுனு இருக்கா? அப்பதான் ஸ்டார்ட் பண்ணணும்" என்றார். சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும் என்பது அவர் கட்சி. முதல் திருகலிலேயே பிடித்தது. வால்வு பக்கம் லேசாக டிக் டிக், அரை நிமிஷத்தில் அடங்கியது. நீலப் புகை இல்லை. பிறகு முன்பெட்டியிலிருந்து நான்கு 555 நோட்டுகளை எடுத்தார். நம் மளிகைக் கடைக்காரர்கள் கடன் எழுதி வைப்பார்களே, அதே சின்ன நோட்டு. எண்ணெய் மாற்றிய தேதி, கிலோமீட்டர், டைமிங் பெல்ட் இரண்டு தடவை, பிரேக் எண்ணெய் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, வடிகால் குத்திய நாள்கூட.

"பிளேன்ல பழகின பழக்கம்" என்றார். தெங்காவிலிருந்து பறந்த ஸ்கைஹாக் விமானங்கள் பற்றித் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. சிங்கப்பூர் 1970களில் அவற்றை அமெரிக்கக் கடற்படையிடமிருந்து பழையதாகத்தான் வாங்கியது. செப்பனிட்டு, 80களில் புது எஞ்சின் போட்டு, 2005 வரை முன்வரிசையில் வைத்திருந்தது. நாட்டைக் காக்கப் பழைய விமானம் போதும் என்று நம்பிய ஊர் இது. போதுமா இல்லையா என்பதைத் தயாரித்த வருஷத்தை வைத்து முடிவுசெய்யவில்லை. பராமரிப்புப் பதிவேட்டை வைத்து முடிவுசெய்தது. அதே தளத்தின் வேலியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, அதே கைகள் பராமரித்த ஒரு காருக்கு மட்டும் பதிவேடு செல்லாது, நாள்காட்டிதான் செல்லும்.

நம்மவர்களையும் விட்டுவிடக் கூடாது. புதுக் கார் எடுத்தால் கோயிலுக்குக் கொண்டுபோய் மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சை வைக்கிறோம். ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்கும் சந்தனம் வைக்கிறோம். கருவியை மதிக்கிற கூட்டம்தான் நாம், ஆனால் வருஷத்தில் ஒருநாள். சர்வீஸ் புத்தகம் எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் ஒர்க்ஷாப்காரன் பாத்துப்பான், எப்படியும் பத்து வருஷத்துல போற வண்டிதானே" என்கிறோம். சட்டம் காருக்கு ஒரு தேதி குறித்தது. காரை அதற்கு முன்பே கைகழுவியது நாம்தான். மங்கிய பெயின்ட்டும் முழு நோட்டும் உள்ள காரைவிட மின்னும் பெயின்ட்டும் மீதி மாதங்களும் உள்ள கார் அதிக விலைக்குப் போகிற சந்தையில், எவன் எண்ணெய் மாற்றுவான்?

இனி என் குற்றம். பெரியவர் காரின் சான்றிதழ் சில வாரங்களில் முடிய இருந்தது. அவருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. நீட்டிப்பை வாங்குகிறவர் கட்ட வேண்டும், காருக்கு அவர் கேட்டது சொற்பம். பத்து வருஷத்துக்கு ஏறக்குறைய 80,000 வெள்ளி. ஐந்து வருஷத்துக்கு அதில் பாதி. ஐந்து கட்டினால் 2027இல் காருக்கு 35 வயதாகும், கிளாசிக் திட்டத்துக்கு மனுப் போட்டுப் பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு. கடையில் செய்கிறார்களே என்று மேலே திட்டினேனே, அதே வகுத்தல். இரண்டு வாரம் வகுத்தேன்.

போன் செய்தபோது, "குடுத்துட்டேன் தம்பி" என்றார். பேருந்து பணிமனையில் வேலை பார்க்கும் ஒரு மலாய்ப் பையன். வந்ததும் பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்துவிட்டானாம். எந்த எண்ணெய் ஊத்துறீங்க அங்கிள் என்று கேட்டானாம்.

"நீங்க முதல்ல என்ன கேட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'சிஓஇ எப்போ முடியுது அண்ணே?'

இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். டார்ச்சும் காந்தமும் பழைய பாயும் பையில் இருக்கின்றன. விற்பவரிடம் முதலில் நோட்டு இருக்கிறதா என்று கேட்கிறேன். பெரும்பாலும் இல்லை என்கிறார்கள். நான் கேட்காமலே தேதியைச் சொல்கிறார்கள்.