பிப் வளர்ந்த கதையும் அடி வாங்கின கனகசபையும்

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காப்பியோ எடுத்துட்டு வந்து உட்கார்ந்துக்கங்க. பொட்டி தட்டுறவனுக்கு விக்டோரியா காலத்து நாவல் எதுக்குன்னு கேட்கறவங்களுக்கு ஒரே பதில்தான்: மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா எழுதுறவன் டிக்கன்ஸ் பத்தியும் எழுதலாம், தப்பில்ல :-)

மேட்டருக்கு வர்றேன். எந்த ஐ.டி. கம்பெனி கேன்டீன்ல போய் உட்கார்ந்தாலும் ரெண்டு கட்சி இருக்கும். "திறமை இருந்தா எங்க பொறந்தாலும் மேல வரலாம் பாஸ், நான் வரலியா?"ன்னு ஒரு கட்சி. "வளர்ந்த இடம் அப்படி, அவன் என்ன செய்வான் பாவம்"னு இன்னொரு கட்சி. விக்டோரியா காலத்து நாவல்களை இந்த ரெண்டாவது கட்சியில சேர்த்துடறதுதான் வழக்கம். அநாதைப் பையன், பிரம்போட ஒரு வாத்தியார், பசி, புகை மண்டின லண்டன்... சூழ்நிலைதான் மனுஷனை உருவாக்குதுன்னு முடிச்சுடுவாங்க.

எனக்கு அதுல பாதிதான் சரின்னு படுது. அந்த நாவல்கள்ல நல்லா இருக்கறது எல்லாம் இன்னொரு கேள்வியையும் கேட்குது. இந்தப் பையன் வளர்றதுக்காக யார் அடி வாங்கினாங்க?

முதல்ல 'ஆலிவர் ட்விஸ்ட்'. 1837-லருந்து 1839 வரைக்கும் தொடரா வந்தது. ஆலிவர் ஏழைகளை அடைச்சு வைக்கிற விடுதியில பொறந்து, அரைவயித்துக் கஞ்சியில வளர்ந்து, லண்டன்ல திருட்டுக் கும்பல்கிட்ட மாட்டறான். ஆனா கடைசி வரைக்கும் ஒரு கறை ஒட்டாது. பேச்சு கூட பெரிய வீட்டுப் பிள்ளை மாதிரியே இருக்கும். ஏன்னா கடைசியில பார்த்தா அவன் உண்மையிலேயே பெரிய வீட்டுப் பிள்ளைதான்! அப்ப சூழ்நிலை எங்க போச்சு? அது அதே கும்பல்ல இருக்கற 'ஆர்ட்ஃபுல் டாட்ஜர்'ங்கற பையன்கிட்ட இருக்கு. ஆலிவர் வயசை ஒட்டின பையன்தான். ஒரு மூக்குப்பொடி டப்பா கேஸ்ல அவனை நாடு கடத்திடறாங்க. அவனுக்கு அப்பா யாருன்னு கதையில யாரும் தேடல. ஆலிவருக்கு ஒரு பரம்பரை, டாட்ஜருக்கு ஒரு கப்பல் டிக்கெட்.

நம்ம ஊர்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. 1879-ல வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்', தமிழோட முதல் நாவல்னு சொல்றது. எழுதினவர் மாயூரத்துல முன்சீபா இருந்த வேதநாயகம் பிள்ளை. அதுல பிரதாபன் பாட்டி செல்லம். பிள்ளை மேல வாத்தியார் கை வைக்கக்கூடாது. அதனால பிரதாபன் பாடம் தப்பா சொன்னா அடி அவனுக்கு இல்ல, கூடப் படிக்கிற கனகசபைக்கு! வேதநாயகம் பிள்ளை இதைச் சிரிப்பாத்தான் எழுதியிருக்கார், நாமளும் சிரிச்சுட்டுப் போயிடறோம். ஆனா நின்னு யோசிச்சா, ஒருத்தன் தப்பு பண்ணிக் கத்துக்கறான், அந்தத் தப்புக்கு விலை இன்னொருத்தன் முதுகு. பின்னாடி கனகசபையும் ஒரு பெரிய இடத்துப் பிள்ளைன்னு தெரியவரும். ஆலிவருக்கு நடந்த அதே சமாளிப்பு. அடி வாங்கினவன் நிஜமாவே ஏழை வீட்டுப் பையனாவே இருந்திருந்தா கதை அவனை எங்க விட்டிருக்கும்? தெரியல.

டிக்கன்ஸுக்கு இது வெறும் கதை இல்ல. 1824-ல, பன்னிரண்டு வயசுல, ஒரு ஷூ பாலிஷ் கம்பெனியில டப்பாவுக்கு லேபிள் ஒட்டின ஆள் அவர். அப்பா கடனுக்காக ஜெயில்ல. வாழ்நாள் பூரா அதை வெளியில சொல்லிக்கல. 1870-ல அவர் செத்த பிறகு நண்பர் ஃபார்ஸ்டர் எழுதின வாழ்க்கை வரலாறு மூலமாத்தான் உலகத்துக்கே தெரிஞ்சது. அவ்வளவு பேர் வாங்கின பிறகும் சொல்ல முடியலைன்னா, அந்த வெட்கம் எவ்வளவு ஆழம்னு பாருங்க.

அந்த வெட்கத்தைத்தான் 1860-61-ல 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவல்ல பிப் தலையில இறக்கி வைக்கறார். பிப் ஒரு கிராமத்துப் பையன். அக்கா வீட்டுக்காரர் ஜோ இரும்புப் பட்டறை வச்சிருக்கார், தங்கமான மனுஷன். ஒரு நாள் பிப்பை ஒரு பணக்கார அம்மா வீட்டுக்கு விளையாட அனுப்பறாங்க. அங்க எஸ்டெல்லாங்கற பொண்ணு, சீட்டுக்கட்டுல ஒரு சீட்டோட பேரை அவன் பட்டிக்காட்டுத்தனமா சொல்றான்னு சிரிக்கறா. கை சொரசொரப்பா இருக்கு, பூட்ஸ் தடிமனா இருக்குங்கறா. அவ்வளவுதான். காலையில வரைக்கும் அந்தக் கை அவனுக்கு வெறும் கை. சாயந்திரம் அதே கை அவமானம். ஊர் மாறல, வீடு மாறல, சோறு மாறல. பார்க்கற கண்ணு மட்டும் மாறிடுச்சு. சூழ்நிலை ஆளை மாத்துதுன்னா அது இப்படித்தான் மாத்துது.

இதுக்கு லண்டன் வரைக்கும் போகவேண்டியதில்ல. எங்க ஒட்டன்சத்திரத்துப் பசங்களை சென்னையிலயோ பெங்களூர்லயோ "எந்த ஊர்?"னு கேட்டுப் பாருங்க. முதல் பதில் "மதுரை பக்கம்". இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டா "திண்டுக்கல்". மூணாவது ரவுண்டுலதான் ஒட்டன்சத்திரம் வெளிய வரும். கேரளாவுக்கே காய் அனுப்பற மார்க்கெட் இருக்கற ஊருங்க! தக்காளியும் முருங்கையும் லாரி லாரியா போற ஊரு. ஆனா "அப்பா என்ன பண்றார்?"னு கேட்டா மண்டின்னு சொல்ல நாக்கு வராது, "பிசினஸ்"னுதான் வரும். மூட்டை தூக்கறவர் மகனுக்கு அந்த "பிசினஸ்" கூட வராது, பேச்சை மாத்திடுவான். பிப் லண்டனுக்குப் போய் பெரிய மனுஷன் ஆன பிறகு ஜோ பார்க்க வர்றப்ப, காசு குடுத்தாவது வரவிடாம தடுக்கலாமான்னு நெளியறானே, அதைப் படிச்சப்ப எனக்கு ஹாஸ்டல் பட்டமளிப்பு விழாக்கள்தான் ஞாபகம் வந்தது. எத்தனை அப்பாக்கள் கேட்டுக்கு வெளியிலயே நின்னாங்கன்னு பார்த்திருக்கேன்.

சரி, எங்க மாவட்டத்துக்கே வர்றேன். வத்தலகுண்டுன்னா உங்களுக்கு மணிக்கொடி பி.எஸ்.ராமையாவும் 'எழுத்து' சி.சு.செல்லப்பாவும் ஞாபகம் வரலாம். அவங்களுக்கெல்லாம் முன்னாடி அந்த ஊர்ல 1872-ல பொறந்தவர் ராஜம் ஐயர். சென்னை வரைக்கும் போய் பி.ஏ. முடிச்சவர். இருபத்தோரு வயசு வாக்குல 'விவேக சிந்தாமணி'யில 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' எழுத ஆரம்பிச்சார். 1893-லருந்து 1895 வரைக்கும் வந்தது. 1898-ல, இருபத்தாறு வயசுல போய் சேர்ந்துட்டார். என்னை விடச் சின்ன வயசு. நான் இதுவரைக்கும் எழுதினது இந்த பிளாக்கும் கொஞ்சம் பக்குங்களும் :-(

சிறுகுளம்ங்கற ஊரோட வம்புப் பேச்சு ஒரு குடும்பத்தை எப்படி நாசம் பண்ணுதுன்னு அவர் காட்டறது அசாத்தியம். சூழ்நிலைன்னா மண்ணும் மழையும் இல்ல, அடுத்த வீட்டு நாக்குன்னு புரிஞ்ச மனுஷன். அதே 1895-ல இங்கிலாந்துல தாமஸ் ஹார்டியோட 'ஜூட் தி அப்ஸ்க்யூர்' புத்தகமா வருது. கல் கொத்தற ஜூட் தானா லத்தீன், கிரேக்கம் எல்லாம் படிச்சுட்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கறான். உன் தொழிலைப் பார்த்துக்கிட்டு இருப்பான்னு பதில் வருது. வத்தலகுண்டுப் பையனுக்குத் திறந்த காலேஜ் கதவு, அங்க ஜூட்டுக்குத் திறக்கல. உடனே பெருமைப்பட்டுக்காதீங்க. வத்தலகுண்டுல அந்தக் கதவு எத்தனை தெருவுக்குத் திறந்ததுன்னும் கேட்கணும்ல?

'கமலாம்பாள் சரித்திர'த்துல பேயாண்டித் தேவன்னு ஒரு திருடன் வருவான். ஆள் சுவாரஸ்யமானவன். ஆனா அவன் சின்னப் பையனா இருந்தப்ப என்ன சாப்பிட்டான், யார் வளர்த்தாங்கறதுக்குக் கதையில இடமில்ல. அக்ரஹாரத்துப் பிள்ளைக்குத்தான் பால்யம் உண்டு. ராஜம் ஐயரைக் குறை சொல்லல, அந்தக் காலத்து அரசாங்கமே அப்படித்தான் பார்த்தது. 1871-ல வடக்குல ஆரம்பிச்ச குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. பொறக்கற குழந்தையே குற்றவாளிங்கறதுதான் அதோட அர்த்தம். கைரேகை வைக்கமாட்டோம்னு சொன்ன உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3-ந்தேதி போலீஸ் சுட்டதுல பலர் செத்தாங்க. 1947-லதான் மெட்ராஸ்ல அந்தச் சட்டத்தை எடுத்தாங்க.

இப்ப டிக்கன்ஸுக்குத் திரும்புவோம். பிப்போட படிப்பு, துணிமணி, லண்டன் வாசம் எல்லாத்துக்கும் பணம் குடுத்தது அந்தப் பணக்கார அம்மான்னு நினைச்சுட்டு இருப்பான். கிடையாது. சின்ன வயசுல அவன் ரொட்டி குடுத்த மேக்விட்ச்ங்கற கைதி, ஆஸ்திரேலியாவுல ஆடு மேய்ச்சு சம்பாதிச்சு அனுப்பின பணம். இந்தத் திருடனுக்கு டிக்கன்ஸ் ஒரு பால்யம் குடுக்கறார் பாருங்க, அங்கதான் அந்த நாவல் எழுந்து நிக்குது. மேக்விட்சுக்கு தன் வாழ்க்கையில முதல் ஞாபகமே பசிக்கு டர்னிப் கிழங்கு திருடினது. அதுக்கு முன்னாடி அவனுக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. பெரியவனானப்ப காம்பேசன்ங்கற படிச்ச ஆளோட சேர்ந்து ஒரே குற்றத்துக்கு மாட்டறான். கோட்டு சூட்டு போட்டவனுக்கு ஏழு வருஷம், இவனுக்குப் பதினாலு. திருடன் பொறக்கறதில்லன்னு டிக்கன்ஸ் கதை எழுதி முடிச்சு பத்தே வருஷத்துல, பொறக்கறான்னு அதே வெள்ளைக்காரன் இங்க சட்டம் போட்டான்.

பணம் யாருதுன்னு தெரிஞ்சதும் பிப்புக்கு அருவருப்புதான் வருது. அப்புறம் மெதுவா மனசு மாறி, சாகக் கிடக்கற அந்தக் கிழவன் கையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருப்பான். என்னைக் கேட்டா பிப் வளர்ந்தது லண்டன்ல இல்ல, அந்தக் கட்டில் பக்கத்துல.

கேன்டீன்ல "நான் வரலியா?"ன்னு கேட்கற நண்பர்களுக்கு என் கேள்வியும் இதுதான். உங்க மேக்விட்ச் யாரு? 1956-ல காமராஜர் ஆரம்பிச்சு 1982-ல எம்.ஜி.ஆர். பெரிசாக்கின மதிய உணவுல உங்க அப்பா அம்மா சாப்பிட்டிருக்கலாம். இலவச பஸ் பாஸ்ல நீங்க போயிருக்கலாம். 2010-ல வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையில காலேஜ் ஃபீஸ் குறைஞ்சிருக்கலாம். அதுக்கெல்லாம் காசு யாரு குடுத்தா? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டின எல்லாரும்தான், மார்க்கெட்ல மூட்டை தூக்கறவர் உட்பட.

வீட்டுக்குள்ளயும் மேக்விட்ச் உண்டு. ஜார்ஜ் எலியட்டோட 'தி மில் ஆன் தி ஃப்ளாஸ்' (1860) படிங்க. மேகிதான் புத்திசாலி, ஆனா லத்தீன் படிக்க அனுப்பறது அண்ணன் டாமை. எங்க பக்கம் திண்டுக்கல், வேடசந்தூர் சுத்தி நூல் மில்லுங்க நிறைய. மூணு வருஷம் விடுதியில தங்கி வேலை பார்த்தா கடைசியில மொத்தமா ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும்னு 'சுமங்கலி திட்டம்'னு பேர் வச்சுப் பொண்ணுங்களைச் சேர்த்தாங்க. அந்தத் தொகை எத்தனை வீட்ல அண்ணன் தம்பி காலேஜ் ஃபீஸா போச்சுன்னு எந்த ரெஸ்யூமேலயும் இருக்காது.

"அப்ப என் உழைப்புக்கு மதிப்பே இல்லையா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு பக்கு சரி பண்றவன் நானும்தான். ஆனா அதே ரெண்டு மணிக்கு எங்க ஊர் மார்க்கெட்ல லாரியில மூட்டை ஏத்தறவரும் முழிச்சுட்டுத்தான் இருக்கார். உழைப்பு ரெண்டு பேர்கிட்டயும் இருக்கறப்ப, வித்தியாசம் வேற எங்கயோ இருக்குன்னுதானே அர்த்தம்? அதை ஒத்துக்கறதுல நம்ம சம்பளம் ஒண்ணும் குறைஞ்சுடாது. ஆனா இட ஒதுக்கீடு, சலுகைன்னு பேச்சு வர்றப்ப வாயிலருந்து வர்ற வார்த்தை கொஞ்சம் மாறும்.

பின்னூட்டத்துல கும்மி அடிக்கறவங்க அடிக்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள். உங்க கதையில அடி வாங்கின கனகசபை யாருன்னு ஒரு வரி எழுதிட்டு அப்புறம் கும்மி அடிங்க.

டிஸ்கி: 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' தடிமனைப் பார்த்து ஓடிடாதீங்க. முதல் அம்பது பக்கம் தாண்டிட்டா அப்புறம் புத்தகமே உங்களை இழுத்துட்டுப் போயிடும். 'கமலாம்பாள் சரித்திரம்' அதுல பாதி கூட இருக்காது, ஒரு திண்டுக்கல் - சென்னை ரயில் பயணத்துல பெரும்பகுதி முடிச்சுடலாம்.