தேய்மானம் வேறு, அடி வேறு

குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் கொடி ஏறுவதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு ஒரு வேலை நடக்கும். பித்தளைக்குப் புளி, வெள்ளிக்குத் திருநீறு. குங்குமச் சிமிழ், விளக்கு எல்லாம் தேய்த்து முடித்த கையோடு, பூஜைத் தட்டில் தாத்தா காலத்திலிருந்து கிடக்கும் ஜார்ஜ் மன்னர் வெள்ளிக் காசுக்கும் இரண்டு தேய்ப்பு விழும். காசு பளிச்சென்று ஆகிவிடும். வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தக் காசின் மதிப்பைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியை அந்தத் தேய்ப்பு அழித்துவிடுகிறது.

என்ன சாட்சி? அதற்கு முன் காசு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு வெள்ளி வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஓங்கி அடிக்கிறார்கள். அந்த அடியில் வெள்ளி கொஞ்சம் மாவு மாதிரி நகர்ந்து, அச்சில் இருக்கும் பள்ளங்களை நிரப்புகிறது. அழுத்தம் குறைந்தாலோ, இரண்டு அச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிப்போனாலோ, அச்சே பழசாகியிருந்தாலோ ஆழமான பள்ளங்கள் நிரம்பாது. ராஜா தலைக்கு ஆழமான பள்ளம், அதற்கு நேர் பின்பக்கமும் ஆழமான பள்ளம் என்றால் இன்னும் மோசம். இருக்கிற வெள்ளிக்கு இரண்டு பக்கமும் போட்டி. இப்படி அரைகுறையாக விழுந்த காசைத்தான் சேகரிப்பவர்கள் 'வீக் ஸ்ட்ரைக்' என்கிறார்கள். தமிழில் அடி சரியில்லை எனலாம்.

இப்போது சிக்கல். அடி சரியில்லாத காசும், ஐம்பது வருஷம் சந்தையில் உருண்டு தேய்ந்த காசும் தூரத்துப் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் மீசை தெரியாது, கிரீடம் மொழுக்கையாக இருக்கும். வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையிலிருந்தே குறையோடு வந்த இயந்திரத்தையும், ஐந்து வருஷம் ஓடிக் களைத்த இயந்திரத்தையும் ஒரே தேய்மானக் கணக்கில் எழுதினால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? காசு வியாபாரத்தில் மட்டும் தினமும் அப்படித்தான் எழுதுகிறார்கள். "தேஞ்சுபோச்சு அண்ணாச்சி, வெள்ளி எடைக்குத்தான் எடுக்கலாம்" என்ற ஒரே வரியில் கதை முடிகிறது. விற்கிறவர் பாவம், தலையாட்டிவிட்டு வருகிறார். அதே காசு இன்னொரு கை மாறும்போது 'அன்சர்க்குலேட்டட்' ஆகிவிடுவது தனிக் கதை.

இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு லென்ஸ், ஒரே ஒரு விளக்கு. காசை ஓரத்தில் பிடித்து மெதுவாகச் சாய்க்க வேண்டும். அடிபட்டபோது வெள்ளி நகர்ந்த தடம் மெல்லிய கோடுகளாக மேற்பரப்பில் தங்கியிருக்கும். சாய்க்கும்போது ஒளி அதில் சக்கரம்போல் சுற்றும். மொழுக்கையான இடத்துக்கு மேலும் அந்த ஒளி தடையில்லாமல் ஓடினால், அந்த இடம் தேயவில்லை, பிறக்கும்போதே நிரம்பவில்லை. அங்கே வந்ததும் ஒளி செத்துச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் தேய்மானம். சில காசுகளில் நிரம்பாத இடத்தில் அடிக்கு முந்தைய வில்லையின் சொரசொரப்பே தெரியும். திருநீறு தின்றுவிடுவது இந்த ஒளியைத்தான். தேய்த்த காசு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மின்னும். அதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பார்க்க வேண்டிய இடம் அங்கியில் தொங்கும் யானை. 1911ல் வந்த காசில் அந்த யானையின் தும்பிக்கை சரியாக அமையாமல் பன்றி போலிருக்கிறது என்று ஊரெல்லாம் முணுமுணுப்பு. அடித்ததில் பெரும்பகுதியைத் திரும்ப உருக்கிவிட்டு, 1912ல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். அந்த யானை முழுசாக எழுந்து நின்றால் அடி நல்ல அடி. பின்பக்கம் அடியில் இருக்கும் தாமரைக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. அடி மங்கிப் புள்ளி எழும்பாமல் போனால் காசின் ஊரே மாறிவிடும்! ரூபாயில் எட்டில் ஒரு பங்கான வெள்ளி இரண்டணாவில் (1917ஓடு நின்றுபோனது, எடை 1.46 கிராம்தான்) இதையெல்லாம் தேட நல்ல கண் வேண்டும்.

அமெரிக்காவில் இந்த விஷயத்தை மறுகோடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1916 முதல் 1945 வரை வந்த மெர்க்குரி டைம் என்ற பத்து சென்ட் வெள்ளிக் காசின் பின்பக்கத்தில் ஒரு கோல்கட்டு இருக்கும். அதன் நடுவே கட்டியிருக்கும் பட்டைகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தால் 'ஃபுல் பேண்ட்ஸ்'. 1945ல் பிலடெல்பியாவில் அடித்தது சுமார் 15 கோடியே 90 லட்சம். புழங்காத சாதாரணக் காசு என்றால் சில பத்து டாலருக்குள் கிடைத்துவிடும். பட்டை பிரிந்தது மிக அபூர்வம் என்பதால் அதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். ஒரு மயிரிழைக் கோட்டுக்கு இவ்வளவு விலையா என்றால், அபூர்வத்துக்கு விலை உண்டுதான். ஆனால் மற்ற இடமெல்லாம் கீறல் விழுந்த காசு அந்தக் கோட்டை மட்டும் காட்டி ஜெயிப்பது கொஞ்சம் அதிகம். 70 வரை போகும் ஷெல்டன் அளவுகோலில் அடி, பளபளப்பு, கீறல், தோற்றம் எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாகிவிடுவதால், எது எதற்காகக் குறைந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. விற்கிறவர் 'தேய்மானம் இவ்வளவு, அடி இப்படி' என்று இரண்டு வரி தனித்தனியாக எழுதிக் கொடுத்தால் பாதிச் சண்டை தீரும்.

அதோடு, எல்லாக் காசுக்கும் ஒரே பட்டையைத் தேடுவதும் சரியில்லை. 1808 வாக்கில் மதராஸ் நாணயச் சாலையில் கம்பெனி அடித்த வெள்ளி அரை வராகனைப் பாருங்கள். ஒரு பக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே கோபுரம், மறுபக்கம் விஷ்ணு, சுற்றிலும் தமிழும் தெலுங்கும். இவற்றில் பலவற்றுக்குப் புது வில்லை செய்யவில்லை. கப்பலில் வந்த ஸ்பானிய வெள்ளி டாலர்களின் மேலேயே மறுபடி அடித்தார்கள். அடி முழுசாக விழாத காசில் கோபுரத்துக்குப் பின்னாலிருந்து ஸ்பெயின் நாட்டு எழுத்து எட்டிப் பார்க்கும். அமெரிக்கக் கணக்குப்படி அது குறை. அந்த எழுத்து தெரிகிற காசாகத் தேடி, கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.