ஓய்வு வேளை: அழைப்புக்குக் காத்திருக்கும் வண்டி

சென்ற திங்களில் அட்டையைக் கொண்டு சிறியதொரு ரயில் நிலையம் அமைக்கும் முறையை இப்பகுதியில் விவரித்திருந்தேன். அதைப் படித்த அன்பர்கள் சிலர் சங்கக் கூடத்தில் என்னைக் கண்டபோது, "நிலையம் கட்டியாயிற்று, இனி அதில் எந்த வண்டியை ஓட்டலாம்?" என்று வினவினார்கள். ராஜதானி போன்ற விரைவு வண்டியொன்றைச் சொல்வேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் சொல்லப்போவதோ எந்தக் கால அட்டவணையிலும் காண இயலாத வண்டி. பயணச்சீட்டு வாங்கி எவரும் அதில் ஏறியதில்லை. ஆயினும் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் எல்லோரும் அதை அறிவார்கள். விபத்து நிவாரண ரயில் என்பது அதன் பெயர். பழைய தொழிலாளர்கள் 'பிரேக்டவுன் வண்டி' என்றே சொல்வார்கள்.

எங்கேனும் ஒரு வண்டி தடம் புரண்டால் நிலையத்தில் சங்கு ஊதும். எத்தனை முறை ஊதுகிறது என்பதைக் கொண்டே, எந்த வண்டி புறப்பட வேண்டும் என்பதை ஆட்கள் தெரிந்துகொள்வார்கள். மருத்துவ உதவி வண்டி, இருபுறமும் வழியுள்ள பக்கப்பாதையில் நின்றால் 15 நிமிடங்களுக்குள் புறப்பட்டாக வேண்டும். கருவிகளும் பாரந்தூக்கியும் கொண்ட நிவாரண வண்டிக்குப் பகலில் 30 நிமிடம்; இரவில் 45 நிமிடம். விபத்து நடந்த இடத்தை நோக்கிச் செல்லும்போது அதற்கே முதல் வழி. ராஜதானியும் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். வேலை முடிந்து திரும்பும்போதோ அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சரக்கு வண்டிகளுக்கும் வழிவிட்டுக்கொண்டு, மெல்ல மெல்ல வீடு வந்து சேரும்.

என் தந்தையார் பொன்மலைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்து, பிழைப்பை நாடிக் கரக்பூருக்கு வந்தவர். ஏறத்தாழ 30 ஆண்டுகள் இந்த வண்டியில் பணி புரிந்தவர். எங்கள் வீட்டு வாயிற்கதவின் பின்னால் அவருடைய காலணியும் டார்ச் விளக்கும் ஒரு பையும் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். உண்டுகொண்டிருக்கையில் சங்கு ஊதினால், பிசைந்த சோறு பிசைந்தபடியே கிடக்கும். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு தீபாவளி முன்னிரவில் அப்படித்தான் எழுந்து போனார். வாங்கி வைத்த மத்தாப்புகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. மூன்றாம் நாள் சேற்று உடையோடு திரும்பி வந்தவர், ஒரு சொல்லும் பேசாமல் படுத்துறங்கினார். அந்த வண்டியின் மேல் எனக்கு அன்று ஏற்பட்ட வெறுப்பு நெடுநாள் நீங்கவில்லை. பத்தாம் வகுப்பு தேறி ரயில்வேயிலேயே குமாஸ்தாவாகச் சேர்ந்த பின்னும், பக்கப்பாதையில் நிற்கும் அந்தப் பெட்டிகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பேன்.

பத்து வயதான என் மகன்தான் இதை மாற்றினான். பள்ளியில் வங்காளியும் இந்தியும் பேசிப் பழகிய அவனுக்குத் தாத்தாவோடு பேசச் சொற்கள் போதவில்லை. அவரோ ஓய்வு பெற்றபின் பேச்சையே குறைத்துக்கொண்டவர். சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் அவன், "தாத்தா, உங்கள் வண்டி எப்படி இருக்கும்?" என்று கேட்டான். அவர் பதில் சொல்லாமல், பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் வரையத் தொடங்கினார். அன்று தொடங்கிய வேலை நான்கு மாதங்கள் நடந்தது.

இனி செய்முறைக்கு வருவோம். நாங்கள் மேற்கொண்டது 87-இல் ஒரு பங்கு அளவு. கடைகளில் 'எச்.ஓ.' என்று கேட்டால் இவ்வளவுக்குரிய பொருள்கள் கிடைக்கும். நமது அகலப்பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். கடைத் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். அது அயல்நாடுகள் பலவற்றில் உள்ள 1435 மில்லிமீட்டர் பாதைக்கு ஏற்ப அமைந்தது. ஆகவே நம் பெட்டிகள் தண்டவாளத்தை விடச் சற்றே பருத்துத் தோன்றும். சில நாளில் கண் அதற்குப் பழகிவிடும்.

நிவாரண வண்டியில் கருவிப் பெட்டியாகவும் ஆட்கள் தங்கும் பெட்டியாகவும் பயன்படுபவை பெரும்பாலும் பயணிகள் சேவையிலிருந்து விலக்கப்பட்ட பழைய பெட்டிகளே. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955-ஆம் ஆண்டு முதல் 2018 வரை கட்டிய பழைய மாதிரிப் பெட்டிகளை இன்றும் இவ்வேலையில் காணலாம். அத்தகைய பெட்டியின் நீளம் 21,337 மில்லிமீட்டர். நம் அளவில் 245. அகலம் 3,245, நம் அளவில் 37. ஆனால் வீட்டு மேசையில் அமையும் வளைவின் ஆரம் 18 அங்குலமே இருக்கும். மெய்யான பாதையில் மிகக் கூரிய வளைவுக்கும் 175 மீட்டர் ஆரம் உண்டு. அதை 87-ஆல் வகுத்தால் இரண்டு மீட்டர் வரும். அவ்வளவு இடம் நமக்கு ஏது? எனவே பெட்டியின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து 195 மில்லிமீட்டராக வைத்துக்கொண்டோம்.

பக்கச் சுவர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு சிறந்தது. கிடைக்காதவர்கள் கல்யாணப் பத்திரிகை அட்டையை இரண்டு மடிப்பாக ஒட்டி, வார்னிஷ் பூசிக் காயவைத்தால் போதும். சன்னல்களை ஒட்டுவதற்கு முன்பே வெட்டிக்கொள்க. கூரையின் வளைவுக்கு, ஈரமாக்கிய அட்டையைத் தக்க பருமனுள்ள குழாயின் மேல் சுற்றிக் கட்டி ஒரு நாள் உலரவிட வேண்டும். சக்கரங்களையும் போகிகளையும் மட்டும் கடையில் வாங்குவதே நலம். அவற்றைக் கையால் செய்ய முயன்று நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

பெட்டியின் எடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1935-இல் தோன்றிய அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் இதற்கொரு கணக்கு வகுத்துள்ளது. ஒவ்வொரு பெட்டிக்கும் 28 கிராம்; அதனுடன் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம். எட்டு அங்குலப் பெட்டிக்கு 140 கிராம் ஆகிறது. குறையும் எடையை இரும்பு நட்டுகளைத் தரையில் ஒட்டிச் சரிசெய்யலாம். ஈயம் வேண்டா, குழந்தைகள் கையாளும் பொருள் அன்றோ?

அடுத்தது பாரந்தூக்கி. நம் நாட்டில் இன்று பணி புரியும் பெரிய பாரந்தூக்கிகள் 140 டன் தூக்க வல்லவை. 1862-இல் நிறுவப்பட்ட ஜமால்பூர்த் தொழிற்சாலையில் அவை செய்யப்படுகின்றன. அதற்கு முற்பட்டவை இங்கிலாந்திலிருந்து வந்த நீராவிப் பாரந்தூக்கிகள். எந்த நேரத்தில் அழைப்பு வருமோ என்பதால் அவற்றின் கொதிகலனில் இலேசான சூட்டை அணையாமல் காத்து வருவார்களாம். தந்தையார் இளமையில் முதலில் கண்டது அதுவே ஆதலால், எங்கள் வீட்டிலும் நீராவிப் பாரந்தூக்கியே உருவாயிற்று.

அடித்தட்டு 12 சென்டிமீட்டர் நீளம். மேற்கூண்டு அதன்மேல் சுழல வேண்டும். இதற்கு ரவிக்கையில் தைக்கும் அமுக்குப் பொத்தானைப் போன்ற சாதனம் வேறில்லை. ஒரு பாதியை அடித்தட்டிலும் மறுபாதியைக் கூண்டிலும் ஒட்டினால் இலேசாகச் சுழலும். துதிக்கை போன்ற தூக்குகையின் இரு பக்கங்களையும் அட்டையில் வெட்டி, குறுக்கே ஈர்க்குத் துண்டுகளை வைத்துப் பிணைக்க வேண்டும். கப்பிகளுக்குக் கண்ணாடி மணி, அச்சுக்குக் குண்டூசி, கயிற்றுக்கு மெழுகு தடவிய கறுப்பு நூல். கொக்கியை மட்டும் என் அலுவலகத் தொழிலுக்கு ஏற்ப ஒரு ஜெம் கிளிப்பை வளைத்துச் செய்தேன்.

பாரந்தூக்கி பயணம் செய்கையில் தூக்குகையைத் தாழ்த்தி, முன்னால் இணைக்கப்பட்ட துணை வண்டியின் மேல் சாய்த்து வைப்பார்கள். நான் அது ஆடாமல் இருக்கட்டும் என்று தூக்குகையின் நுனியைத் துணை வண்டியோடு பசை வைத்து ஒட்டி, கூண்டையும் ஒட்டிவிட்டேன். முதல் ஓட்டத்திலேயே, முதல் வளைவிலேயே இரண்டும் தடம் புரண்டு மேசையிலிருந்து கீழே விழுந்தன. தந்தையார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

"விழுந்ததைத் தூக்கப் போகிற வண்டியே விழுந்தால் அதை யாரப்பா தூக்குவது?" என்றார்.

காரணத்தை அவரே விளக்கினார். 18 அங்குல வளைவில், 15 சென்டிமீட்டர் நீளமுள்ள தூக்குகை நேராகவே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் நுனி பாதையின் நடுவிலிருந்து ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் விலகிப் போகும். ஒட்டப்பட்ட துணை வண்டியையும் அது உடன் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே கூண்டு தடையின்றிச் சுழல வேண்டும். நுனி ஒரு கவட்டைக்குள் அமர்ந்து முன்னும் பின்னும் நழுவ இடம் வேண்டும். அவ்வாறு மாற்றியபின் வண்டி எல்லா வளைவுகளையும் ஒழுங்காகக் கடந்தது.

பின்னர் ஒருநாள் மகன் ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதைப் பாரந்தூக்கியால் பக்கவாட்டில் தூக்க முயன்றான். பெட்டி எழவில்லை, பாரந்தூக்கியே அதன்மேல் சாய்ந்து விழுந்தது. தந்தையார் அருகில் அமர்ந்து, தீக்குச்சிகளை அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கச் சொன்னார். அடித்தட்டின் இரு பக்கங்களிலும் நீண்ட தாங்குகைகளை வெளியே இழுத்து, அவற்றின் கீழ் அத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார். "இப்போது தூக்கு, ராசா" என்றார். பெட்டியின் ஒரு முனை அசைந்து எழுந்து தண்டவாளத்தின் மேல் வந்து அமர்ந்தது.

"தூக்குவது கிரேன் என்று ஊரார் நினைப்பார்கள். தூக்குவது இந்தக் கட்டைதான்" என்றார் அவர்.

அதைத் தொடர்ந்து, மகன் கேட்காமலும் நான் கேட்காமலும், அந்தத் தீபாவளி இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சரக்கு வண்டி ஒன்று தடம் புரண்டிருந்தது. ஐப்பசி மழையில் மண் ஊறிக் கிடந்தது. பாரம் ஏறியதும் ஒரு பக்கத்துக் கட்டைகள் மெல்லப் புதையத் தொடங்கின. பாதையை விரைவில் திறக்க வேண்டும் என்று மேலிருந்து நெருக்குதல் இருந்ததாம். ஆயினும் அவர்களுடைய மேஸ்திரி கையை உயர்த்தி வேலையை நிறுத்திவிட்டார். பாரத்தை இறக்கி, மண்ணைத் தோண்டிக் கல்லிட்டு, கட்டைகளை மறுபடி அடுக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. பாரந்தூக்கிக்குக் கீழே தாங்குகைக்கு அருகில் நின்றவர்களுள் என் தந்தையாரும் ஒருவர்.

"அன்று அவர் நிறுத்தியிராவிட்டால்?" என்று நான் கேட்டேன்.

"நீ மத்தாப்புக்காக மட்டும் அழுதிருக்கமாட்டாய்" என்றார். பிறகு தீக்குச்சித் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். மத்தாப்புக்காக நான் அழுதது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வண்டி முழுமை பெற்றுவிட்டது. மருத்துவப் பெட்டி, கருவிப் பெட்டி, ஆட்கள் பெட்டி, கட்டைகள் ஏற்றிய திறந்த வண்டி, துணை வண்டி, பாரந்தூக்கி, கடைசியில் பிரேக் வான். மருத்துவப் பெட்டியைத் தனியாகக் கழற்றி முன்னால் அனுப்பும்படி அமைக்கச் சொன்னவர் தந்தையாரே. பெட்டியைத் தூக்குவதற்கு முன் மனிதரைத் தூக்க வேண்டும் என்பது அவர் கூற்று. ஞாயிறு தோறும் எங்கள் வீட்டில் ஒத்திகை நடக்கிறது. மெய்யான ரயில்வேயிலும் முன்னறிவிப்பின்றி இத்தகைய ஒத்திகைகள் நடப்பதுண்டு. என் மனைவி சமையலறையில் தட்டைத் தட்டுவாள். மகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடிவந்து வண்டியைச் சேர்ப்பான். 'தாங்குகை', 'கவட்டை', 'அடுக்கு' என்ற சொற்கள் இப்போது அவன் வாயில் தடையின்றி வருகின்றன. மற்ற நாட்களில் வண்டி பக்கப்பாதையிலேயே நிற்கும். அதை ஏன் ஓட்டவில்லை என்று விருந்தினர் கேட்டால், "அது நின்றால்தான் மற்றவை நன்றாக ஓடுகின்றன என்று பொருள்" என்று தாத்தாவின் குரலிலேயே மறுமொழி சொல்கிறான்.

செய்து பார்க்க விரும்புவோர் முதலில் துணை வண்டியையும் பாரந்தூக்கியையும் மட்டும் செய்து, வளைவில் ஓட்டிச் சோதித்த பிறகே வர்ணம் பூசுக. அளவுகள் குறித்த தாளைப் பெற விரும்பும் அன்பர்கள் சங்க நூலகத்தில் கேட்டுப் பெறலாம். தந்தையார் வரைந்த நாட்காட்டித் தாளின் படியும் அதனுடன் இருக்கும். அடுத்த திங்களில் கைகாட்டி மரம் அமைப்பதைப் பற்றிப் பார்ப்போம்.