முதலில் வால்வை மூடுங்கள்

குளியலறைக் குழாய் இறுகிக்கொண்டால் நம் வீடுகளில் உடனே ஒரு பலப்பரீட்சை தொடங்கிவிடும். அம்மா திருகிப் பார்ப்பார். அப்பா ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு திருகுவார். கடைசியில் மகன் கட்டிங் பிளேயரோடு வருவான். பக்கத்து வீட்டில் போன வாரம் இந்த மூன்றாவது கட்டத்தில் குழாய் சுவரோரமாக முறிந்து, தண்ணீர் எதிர்ச்சுவரில் பீய்ச்சியடித்தது. மொட்டை மாடிக்கு ஓடினோம். அங்கே வரிசையாக நான்கு வால்வுகள். எது எந்த அறைக்கு என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஒன்றை மூடினால் சமையலறையில் தண்ணீர் நின்றது. சரியான வால்வைக் கண்டுபிடித்தபோது, அது அசையவே மறுத்தது.

பிறகு வந்த பிளம்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "குழாய்ல கை வைக்கறதுக்கு முன்னாடி வால்வை மூடிப் பாத்திருக்கணும் சார். அது மூடலைன்னா எங்கள மாதிரி ஆளக் கூப்பிட்டுருங்க."

சென்னைப் புறநகரில் போர்வெல் தண்ணீரை நம்பி வாழ்பவர்களுக்குக் குழாய் இறுகுவது புதிதல்ல. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நிலத்தடி நீரில் கரைந்து வரும் கால்சியம், தண்ணீர் காய்கிற இடமெல்லாம் வெள்ளையாகப் படிகிறது. பக்கெட்டில் தெரிகிற அதே உப்புக்கறைதான் குழாயின் மரைக்குள்ளும் இருக்கிறது. பழைய திருகு குழாயில் இன்னொரு வம்பும் உண்டு. சொட்டுகிறதே என்று தினமும் இறுக்கி மூடுவோம். ரப்பர் வாஷர் நசுங்கி அடியில் ஒட்டிக்கொள்ளும்.

உப்புக்கு மருந்து புளிப்பு. வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டி இரவு முழுக்க விட்டுவிடலாம். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்தும் ஊற வைக்கலாம். காலையில் நன்றாகக் கழுவிவிட வேண்டும். தரை கழுவும் ஆசிட்டைத் தயவுசெய்து தொடாதீர்கள். உப்போடு சேர்த்துக் குழாயின் பளபளப்பையும் அது தின்றுவிடும். அதன் நெடி மூடிய குளியலறையில் ஆளையும் படுத்தும்.

கழற்றுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வால்வை மூடிவிட்டு, குழாய்க்குள் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கீழ்க்குழாய் வழியாக வடித்துவிடுங்கள். கைப்பிடியின் நடுவிலுள்ள சின்ன மூடியை நெம்பினால் உள்ளே ஸ்குரூ தெரியும். அதைக் கழற்றிக் கைப்பிடியை எடுத்துவிடுங்கள். அதற்கடியில் உள்ள நட்டை, துணி சுற்றி, ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்ப வேண்டும். அப்போது இன்னொரு கை குழாயின் உடம்பை அசையாமல் பிடித்திருக்கட்டும். பக்கத்து வீட்டில் விட்டுப்போனது இதுதான். திருகுகிற பலமெல்லாம் சுவருக்குள் போனால், முறிவது குழாயோ உள்ளிருக்கும் பிளாஸ்டிக் எல்போவோ. எல்போ என்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். ஊறிய பிறகும் நட்டு அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

கழற்றிய உள்பாகத்தைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். 'அரை இஞ்ச் குழாய்' என்று வாயால் சொல்லி வாங்கியது பெரும்பாலும் பொருந்தாது. கால் திருப்பில் திறக்கும் புதுக் குழாய்களில் வாஷர் கிடையாது. செராமிக் தகடுகள் இரண்டு ஒன்றின்மேல் ஒன்று நகரும். மணல் கீறிய தகட்டைச் சரிசெய்ய முடியாது, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். மரைக்கு எண்ணெய் விடுகிறவர்கள் கவனம்: ரப்பர் வளையத்தில் பட்டால் அது ஊறிக் கெடும்.

இவ்வளவும் வால்வு மூடினால்தான். வருடக்கணக்கில் யாரும் தொடாத கேட் வால்வுதான் ஆபத்து நேரத்தில் கைவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குப் போய் ஒவ்வொரு வால்வையும் ஒருமுறை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். முழுக்கத் திறந்தபின் கால் சுற்று பின்னால் திருப்பி வையுங்கள். திறந்த நிலையிலேயே இறுகாது. எது எந்த அறைக்கு என்று பெயின்ட்டால் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அடுக்குமாடி என்றால் மேல்வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அங்கே யாராவது தலையில் சீயக்காயோடு நிற்கக்கூடும்.