தொடர் ஆலோசனைக் கட்டணம்: லண்டன் ஓய்வூதியத்தில் ஆண்டுதோறும் கழிவது எதற்காக?

கடந்த நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் ஒரு கடித உறையை நீட்டி, "இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு பிள்ளை" என்றார். வயது 61. எண்பதுகளின் கடைசியில் அகதியாகப் போனவர். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பிறகு சொந்தமாக ஒரு சிறிய கடை, இப்போது களஞ்சியசாலை ஒன்றில் வேலை. உறைக்குள் இருந்தது அவருடைய தனியார் ஓய்வூதியத்தின் ஆண்டறிக்கை. இருப்பு 60,000 பவுணுக்குச் சற்று மேல். கீழே சிறிய எழுத்தில் 'தொடர் ஆலோசனைக் கட்டணம்' என்று ஒரு வரி. அந்த ஆண்டில் கழிக்கப்பட்டது 450 பவுண் சொச்சம்.

"ஆலோசகர் கடைசியா எப்ப உங்களோட கதைச்சவர் மாமா?"

"கையெழுத்து வைச்ச அண்டைக்கு."

அது எட்டு வருடங்களுக்கு முன்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிரித்தானியா சென்ற எங்கள் தலைமுறை இப்போது ஓய்வை நெருங்குகிறது. வடக்கு கிழக்கில் எத்தனையோ வீடுகளின் கூரையும் பிள்ளைகளின் படிப்பும் அவர்களுடைய சம்பளத்தில் வந்தவை. சம்பளம் நின்ற பிறகு அவர்களைத் தாங்கப்போவது அரச ஓய்வூதியமும் இந்தத் தனியார் ஓய்வூதியமும்தான். ஆகவே அந்த ஒற்றை வரி லண்டனோடு மட்டும் முடிகிற விடயமல்ல.

இங்கே ஊழியர் சேமலாப நிதியைத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். சேமலாப நிதியில் பணம் எங்கே முதலிடப்படுகிறது என்பதில் அங்கத்தவருக்குத் தெரிவு எதுவும் இல்லை. பிரித்தானியத் தனியார் ஓய்வூதியத்தில் எந்த நிதியம், எத்தனை வயதில் ஓய்வு, இறந்தால் யாருக்கு என்று எல்லாமே உரியவரின் தெரிவு. அதனால்தான் அங்கே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். முன்பு இவர்கள் ஓய்வூதிய நிறுவனங்களிடம் தரகுப்பணம் வாங்கினார்கள். 2012 இன் இறுதியோடு புதிய ஆலோசனைகளுக்கு அது தடைசெய்யப்பட்டது. அதன்பின் வாடிக்கையாளரே கட்டணம் செலுத்துகிறார்: தொடக்கத்தில் ஒரு தொகை, பிறகு ஆண்டுதோறும் இருப்பில் ஒரு வீதம். அரை வீதத்திலிருந்து ஒரு வீதம் வரை பொதுவானது. விதி தெளிவானது. தொடர்ந்து கட்டணம் எடுப்பதென்றால் தொடர்ந்து சேவை கொடுக்கவேண்டும். அந்தச் சேவையின் மையம், ஆண்டுக்கு ஒரு முறையாவது "இந்த ஏற்பாடு இன்னும் உங்களுக்குப் பொருந்துகிறதா" என்று பார்க்கும் மீளாய்வு.

2024 பெப்ரவரியில் நிதி நடத்தை அதிகார சபை சுமார் இருபது பெரிய நிறுவனங்களிடம் இந்த மீளாய்வுகள் உண்மையில் நடக்கின்றனவா என்று கணக்குக் கேட்டது. அதே மாதம் சென். ஜேம்ஸ் பிளேஸ் நிறுவனம், சேவை நடந்ததற்கான சான்று போதாத கட்டணங்களைத் திருப்பிக் கொடுக்க 426 மில்லியன் பவுணை ஒதுக்கியதாக அறிவித்தது. ஓராண்டு கழித்து சபை வெளியிட்ட முடிவு நிறுவனங்களுக்கு ஆறுதலாகவே இருந்தது. 83 வீதமானவர்களுக்கு மீளாய்வு நடந்திருக்கிறது. நிறுவனம் முயற்சியே செய்யாதது 2 வீதத்துக்கும் குறைவு. எஞ்சிய 15 வீதத்தினர் மீளாய்வு வேண்டாம் என்றவர்கள், அல்லது அழைப்புக்குப் பதில் தராதவர்கள்.

என்னை நிறுத்தியது அந்த 15 வீதம்தான். எங்கள் ஆட்கள் அதில் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. ஆனால் நான் அறிந்த வீடுகளில் அழைப்பு எப்படி வருகிறது என்று தெரியும். ஆங்கிலத்தில் நீண்ட மின்னஞ்சல். இரவு வேலை முடித்து வந்தவர் திறப்பதில்லை. திறந்தாலும் "விளங்காத கேள்வி கேட்டால் என்ன சொல்வது" என்ற கூச்சம். சிலருக்கு உத்தியோகபூர்வக் கடிதம் என்றாலே வயிற்றைக் கலக்கும், அகதி விண்ணப்பக் காலத்துப் பயம் அது. ஆலோசகர் தமிழர் என்றால் இன்னொரு சிக்கல்: "எங்கட ஆள்தானே, பார்த்துக்கொள்ளுவார்." மாமாவின் மின்னஞ்சல் பெட்டியைத் தேடியபோது இரண்டு அழைப்புகள் திறக்கப்படாமலே கிடந்தன. மற்ற ஆறு வருடங்களுக்கு எதுவும் இல்லை. கட்டணம் மட்டும் எட்டு வருடமும் கழிந்திருக்கிறது.

450 பவுண் பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். 60,000 பவுண் ஆண்டுக்கு 5 வீதம் வளர்ந்தால் 20 ஆண்டுகளில் சுமார் 159,000 ஆகும். முக்கால் வீதக் கட்டணம் கழிந்து 4.25 வீதம் வளர்ந்தால் சுமார் 138,000. வித்தியாசம் 21,000 பவுண். நல்ல ஆலோசனைக்கு அது தகும். நடக்காத ஆலோசனைக்குத் தகாது.

நல்ல ஆலோசனை என்றால் என்ன? பல திட்டங்களில், நீங்கள் தொடக்கத்தில் சொன்ன ஓய்வு வயது நெருங்கும்போது பணம் பங்குகளிலிருந்து தானாகவே பிணைமுறிகளுக்கு நகரும். பாதுகாப்பு என்று கருதிச் செய்த ஏற்பாடு அது. 2022 இல் வட்டி வீதம் உயர, பிரித்தானிய அரச பிணைமுறிகளின் விலை கடுமையாக விழுந்தது. அறுபதில் ஓய்வு என்று எப்போதோ எழுதிவிட்டு 67 வரை வேலை செய்யப்போகிறவர்கள் காரணமில்லாமலே அந்த இழப்பில் மாட்டினார்கள். "இன்னும் அறுபதுதானா?" என்ற ஒரு கேள்வி அதைத் தவிர்த்திருக்கும்.

ஊர் திரும்பும் கனவு இருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பிரித்தானிய அரச ஓய்வூதியம் அங்கே வாழ்பவர்களுக்கு ஆண்டுதோறும் உயரும். இலங்கையில் வாழ்பவர்களுக்கு உயராது, உறைந்துவிடும். 2016 இல் முழுமையான புதிய ஓய்வூதியம் வாரத்துக்கு 155.65 பவுண். 2025 ஏப்ரலில் அது 230.25. 2016 இல் அதைப் பெறத் தொடங்கி யாழ்ப்பாணத்தில் குடியேறியவருக்கு இன்னும் 155.65 தான். 2025 இன் தொகையோடு ஒப்பிட்டால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 3,880 பவுண் குறைவு. முழுத் தொகைக்கு 35 ஆண்டு பங்களிப்பும் வேண்டும். வேலை அனுமதி இல்லாமல் காத்திருந்த வருடங்களும் கைக்காசுக்குச் செய்த வேலையும் அதில் சேராது. அரச ஓய்வூதியத்தில் விழும் இந்த ஓட்டையைத் தனியார் ஓய்வூதியம்தான் அடைக்கவேண்டும். அதை முழுவதும் எடுத்து ரூபாயில் நிலையான வைப்பிலிடலாம் என்று நினைப்பவர்களுக்கு 2022 நினைவிருக்கும்: மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 350 ஐத் தாண்டியது. "எங்கே வாழப்போகிறீர்கள்?" என்று கேட்காத மீளாய்வு எங்களுக்கு அரை மீளாய்வுதான்.

செய்யக்கூடியது சிக்கலானதல்ல. ஆண்டறிக்கையில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்தெந்த ஆண்டில் மீளாய்வு நடந்தது என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். இனித் தேவையில்லை என்றால் காரணம் சொல்லாமலே தொடர் சேவையை நிறுத்தலாம், அபராதம் இல்லை. ஓய்வூதியம் அப்படியே இருக்கும். நடக்காத ஆண்டுகளுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டு முறைப்பாடு செய்யலாம். எட்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால், அல்லது இறுதிப் பதில் திருப்தியில்லை என்றால் அது கிடைத்து ஆறு மாதத்துக்குள், நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. பழைய விடயங்களுக்குக் காலவரையறை உண்டு, தள்ளிப்போடக் கூடாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு ஆதரவுடைய 'பென்ஷன் வைஸ்' சேவை இலவசமாக வழிகாட்டும். எதைச் செய் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள், என்னென்ன வழி உண்டு என்று விளக்குவார்கள். பிள்ளையையோ மருமகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கதைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மாமாவின் அறிக்கையில் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. இறந்தால் பணம் யாருக்கு என்ற இடத்தில், பழைய திட்டத்திலிருந்து அப்படியே கொண்டுவரப்பட்ட ஒரு பெயர்: அவருடைய தம்பி. 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்ட பிறகு இன்றுவரை தகவல் இல்லாதவர். எட்டு வருடத்தில் யாராவது ஒருவர் அமர்ந்து அந்தப் பக்கத்தை வாசித்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பார். பெரும்பாலான திட்டங்களில் இந்தப் பெயர் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. அது ஒரு விருப்பம் மட்டுமே, முடிவெடுப்பது அவர்கள். ஆனால் நியமிக்கப்பட்டவரைத் தேடியும் சான்றிதழ் கேட்டும் விசாரணை இழுபட்டால், மாமி வருமானமில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். மாற்றுவதற்கு மரணச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை, உயிரோடிருப்பவரின் ஒரு படிவம் போதும் என்று சொன்னேன்.

நெடுநேரம் பேசாமல் இருந்தார். "நான் அவன்ர பேரை வெட்டினா, அவன் இல்லையெண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரியெல்லோ."

வெட்டத் தேவையில்லை, ஒருவருக்கு மேற்பட்டவர்களின் பெயரை எழுதி எத்தனை வீதம் என்று பிரிக்கலாம் என்றேன்.

"அப்ப மாமிக்குத் தொண்ணூறு, அவனுக்குப் பத்து எண்டு போடலாமோ?"

போடலாம்.