பந்தைக் கீழே வைக்க வேண்டுமா?

"பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. இனிப் பந்தைக் கீழே வை. கல்லூரிக்குப் போய் விளையாடிக்கொள்ளலாம்." ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று என் அம்மா கூறிய சொற்கள் இவை. என் தோழியர் பலரும் தத்தம் இல்லங்களில் இதையே கேட்டிருப்பர். பந்தை இன்று கீழே வைத்துவிட்டு, கல்லூரியில் மீண்டும் எடுக்க முடியுமா? இதுவே என் கேள்வி.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியின் கூடைப்பந்து அணியில் ஆடுகிறார். பொழுது விடியுமுன்பே பேருந்து ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்துவிடுவார். ஒரு நாள் நானும் அவருடன் சென்று பயிற்சியைப் பார்த்தேன். முதல் அரை மணி நேரம் பந்தை யாரும் தொடவே இல்லை! 28 மீட்டர் நீளமுள்ள களத்தில் கோட்டுக்குக் கோடு ஓடித் திரும்பினர். முழங்காலை மடக்கியபடியே பக்கவாட்டில் நகர்ந்தனர். ஆட்ட நேரம் 40 நிமிடம்தான். ஆனால் பந்து கிடைத்த 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். ஆகவே கால்களுக்கு ஓய்வே இல்லை.

அடுத்து வந்தது நுட்பப் பயிற்சி. வலக்கையால் மட்டும் பந்தைத் தட்டினால் எதிரணியினர் அப்பக்கத்தை அடைத்துவிடுவர். எனவே இடக்கைக்குத் தனிப் பயிற்சி. 3.05 மீட்டர் உயரத்திலுள்ள வளையத்திற்குப் பந்தை அனுப்பும் வலிமை கையில் மட்டும் இல்லை. மடங்கி நிமிரும் முழங்காலில்தான் பிறக்கிறது. குதித்து இறங்கும்போதும் முழங்காலை மடக்கி இறங்கப் பழக வேண்டும். முழங்காலின் உட்புறத் தசைநார் அறுந்துபோகும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி என்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

"இதையெல்லாம் எப்போது கற்றீர்கள் அக்கா?" என்று கேட்டேன். "ஆறாம் வகுப்பில் தொடங்கினேன். பத்தாம் வகுப்பில் ஒரு வருஷம் விட்டேன். விட்டதைப் பிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று" என்றார். என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கினார். ஒன்பது முறை ஆசியப் போட்டித் தொடர்களில் ஆடிய அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பதினைந்து வயதில் அவர் பந்தைக் கீழே வைத்திருந்தால் 19 வயதில் தலைவியாகியிருக்க முடியுமா?

பொதுத்தேர்வு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பந்தைத் தொடாத மூன்று மாதங்களில் என் கணித மதிப்பெண் ஒன்றும் உயரவில்லை. மாலையில் புத்தகத்தின் முன் அமர்ந்தால் தூக்கமே வந்தது. இதை அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அரையாண்டுத் தேர்வு வரை தினமும் அரை மணி நேரம். மதிப்பெண் குறைந்தால் அதுவும் கிடையாது" என்றார். இப்போது அந்த அரை மணியில் இடக்கையைப் பழக்குகிறேன். பின்னர் விழிப்புடன் படிக்கிறேன்.

அன்புப் பெற்றோர்களே! பந்தைக் கீழே வைக்கச் சொல்லாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து ஆடச் சொல்லுங்கள். தோழியரே! அந்த அரை மணி முடிந்ததும் சொல்லாமலே வீடு திரும்புங்கள். நாம் வாக்கைக் காப்பாற்றினால்தான் நம் தங்கையருக்கும் அந்த அரை மணி கிடைக்கும்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி