ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்

நவீன ஓவியம் என்றாலே நம்மில் பலருக்கு ஒரு கூச்சம். படத்தின் முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்போம். பக்கத்தில் நிற்பவர் "ஆகா!" என்றால், நாமும் ஓர் "ஆகா!" போட்டுவிட்டு நகர்ந்து விடுவோம். உங்களுக்கும் இந்த அனுபவம் உண்டு அல்லவா? இந்த வாரம் ஒரே ஒரு படத்தின் முன்னால் என்னோடு சற்று நில்லுங்கள்.

மூன்றடிக்கு மூன்றடி சதுரமான கித்தான். அதில் வட்டத்துக்குள் வட்டமாகப் பளிச்சென்ற வர்ணங்கள். எந்த வட்டமும் ஒரே இழுப்பில் போட்டதல்ல. சிறு சிறு திட்டுகளை வரிசையாக அடுக்கியது. திட்டுகளின் இடுக்கில் வெண்மை எட்டிப் பார்க்கிறது. மனிதர் இல்லை, மலை இல்லை, மாளிகை இல்லை. பெயர் 'உயிர்த்தெழுதல்'. வருஷம் 1966. வரைந்தவர் அல்மா தாமஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. அப்போது அவருக்கு வயது 75-ஐ நெருங்கிக் கொண்டிருந்தது!

அல்மா 1891-ல் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தார். நான்கு பெண்களில் மூத்தவர். தாயார் உடை தைப்பதில் கைதேர்ந்தவர். அந்த ஊரில் கறுப்பர்கள் நூல் நிலையத்துக்குள் கால் வைக்க முடியாது. அவர்கள் குழந்தைகளுக்கு உயர்நிலைப் பள்ளியும் கிடையாது. 1907-ல் குடும்பம் வாஷிங்டனுக்குப் புறப்பட்டது. போடோமாக் நதியைத் தாண்டும்போது, செருப்பைக் கழற்றி ஜார்ஜியா மண்ணைத் தட்டிவிடும்படி தாயார் சொன்னாராம்.

ஹோவர்ட் பல்கலைக் கழகத்தில் மனையியல் படிக்கச் சேர்ந்த அல்மா, ஓவியத்துக்கு மாறினார். 1924-ல் அத்துறையின் முதல் பட்டதாரி அவர்தான். அதே வருஷம் ஒரு பள்ளியில் ஓவிய உபாத்தியாயினி ஆனார். சாக்பீஸும் வருகைப் பதிவேடுமாக 35 வருஷங்கள் ஓடின. சொந்தப் படங்களுக்கு மிஞ்சியது மாலையும் விடுமுறையும்தான். கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதிக் கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல், 1950-களில், மறுபடி கல்லூரி வகுப்பில் மாணவியாக உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாக உருவங்கள் கரைந்து வர்ணம் மட்டும் நின்றது.

1960-ல் ஓய்வு பெற்றார். 'இனி நாள் முழுதும் நமக்கே' என்று இருந்தவரை 1964-ல் கீல்வாதம் பிடித்துக் கொண்டது. தூரிகையையே வைத்துவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு வலி. அந்த நிலையில், அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைக்க விரும்புவதாக ஹோவர்ட் பல்கலைக் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது.

பழைய படங்களையே கொடுத்திருக்கலாம். அல்மாவுக்கு அது போதவில்லை. இதுவரை செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. கூடத்தில் இருந்த சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஒரு ஹாலி மரம். இலைகளின் இடுக்கில் வெளிச்சம் துண்டு துண்டாக விழுந்தது. காற்றடித்தபோது துண்டுகள் இடம் மாறின. வேறொரு கோலம் பிறந்தது. நீர் வர்ணத்தையும் கிரேயானையும் எடுத்துக்கொண்டு தொடங்கினார்.

இப்போது படத்தை மறுபடி பாருங்கள். அந்தத் திட்டுகளும், இடுக்கில் தெரியும் வெண்மையும் எங்கிருந்து வந்தன என்று புரிகிறதா?

அதே வாஷிங்டனில் மாரிஸ் லூயி போன்றோர் நீர்த்த வர்ணத்தைக் கித்தானில் ஊற்றி ஊறவிட்டுப் படம் செய்தார்கள். அல்மாவும் வர்ணத்தைத்தான் நம்பினார். ஆனால் ஒவ்வொரு திட்டையும், வலிக்கும் கையால், தூரிகை கொண்டே வைத்தார்.

1972-ல் நியூயார்க் விட்னி மியூஸியம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. அந்தக் கௌரவம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. வயது 80. சிறுமியாக இருந்தபோது மியூஸியத்துக்குள் நுழையவே முடியாதே என்பதை அப்போது அவர் நினைவுகூர்ந்தார். 1978-ல் காலமானார். 'உயிர்த்தெழுதல்' 2015-ல் வெள்ளை மாளிகையின் சாப்பாட்டு அறை ஒன்றில் மாட்டப்பட்டது.

"இனிமேல் நமக்கு எதற்கு?" என்று நீங்கள் பரண்மேல் போட்டு வைத்திருப்பது வீணையோ, தையல் சட்டமோ, நான் அறியேன். இறக்கித் தூசி தட்டுவதை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம். முதலில் ஜன்னலோரம் ஐந்து நிமிஷம் உட்காருங்கள், அடுப்பில் பால் இல்லாத நேரமாகப் பார்த்து!